ரசமட்டத்தின் கோணல் சுவர்

டைல்ஸ் ஒட்டுகிறவர்களுக்குள் அவருக்கு, மட்டம் பார்க்கும் கருவியின் பெயரான ரசமட்டம் என்றுதான் பெயர். தரை ஒரு நூல் அளவு ஏறி இறங்கினாலும் அவர் கண்ணை உறுத்தும். ஒட்டியதைப் பெயர்த்துவிட்டு மறுபடி ஒட்டுவார். அப்படிப்பட்டவர் வேலைக்குப் போன இடத்தில் படியில் சறுக்கி முழங்காலை உடைத்துக்கொண்டார். கட்டுப் பிரித்த பிறகும் சில மாதங்களுக்குக் குந்தி உட்காரவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குந்தாமல் தரை வேலை ஏது?

வீட்டில் முடங்கியவர் சும்மா இருந்தாரா? அவர் மனைவிக்கு பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் போடும் வேலை. அந்த அம்மாள் கிளம்பும்போது செருப்பு விட்ட விதத்தில் குற்றம். திரும்பி வந்தால் துணி உலர்த்திய விதத்தில் குற்றம். தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தார். தூக்கமும் சரியாக இல்லை.

"இங்க பாருங்க, உடைஞ்சது உங்க கால். வலிக்கிறது என் காது," என்றாள் மனைவி ஒருநாள். "பின்னால ஒரு மூட்டை உடைஞ்ச டைல்ஸ் கிடக்குது. அதை வச்சு ஏதாவது பண்ணுங்க. இல்லைன்னா தூக்கியாவது போடுங்க."

பின்கட்டில் துணி துவைக்கும் இடத்தில் ஒரு சுவர் இருந்தது. ஓதம் ஏறி, சுண்ணாம்பு பொரிந்து நின்றது. ரசமட்டம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதில் ஒரு பூவை ஒட்டினார். சாயங்காலம் மனைவி வந்து பார்த்தாள்.

"ஜன்னல் நல்லா வந்திருக்குங்க."

"அது பூ."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர் உளியை எடுத்து மொத்தத்தையும் பெயர்த்துப் போட்டார். மறுநாள் சுவரையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றும் தோன்றவில்லை.

"நமக்கெல்லாம் கற்பனை வராதும்மா. அது பிறக்கும்போதே கூட வரணும்."

மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். "யார் சொன்னா? கம்பெனியில நாங்க ஒரு விளையாட்டு விளையாடுவோம். கை பாட்டுக்கு ஓடும், வாய் சும்மா இருக்காதே! ஒருத்தி சம்பந்தமே இல்லாத ரெண்டு பொருள் சொல்லுவா. இன்னொருத்தி அதைச் சேர்த்து ஒரு கதை விடணும். கேட்டுட்டு எவ்வளவு வேணா சிரிக்கலாம், தப்புன்னு மட்டும் சொல்லக்கூடாது. சொல்லிட்டா அவளுக்கு அடுத்த தடவை வாயே திறக்காது."

"சரி, எனக்கு ரெண்டு சொல்லு."

"கரண்டி, மழை."

"அது ரெண்டும் எப்படிச் சேரும்?"

"அது உங்க பாடு."

அன்றெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே திரிந்தார். மறுநாள் காலையில் குளிக்கும்போது, குவளையைத் தலையில் கவிழ்த்த நேரத்தில் சட்டென்று பிடிபட்டது. காதில் சோப்பு நுரையோடு வெளியே வந்துவிட்டார். மூட்டையிலிருந்து நீலமும் வெள்ளையும் மட்டும் போதும் என்று பொறுக்கி எடுத்தார். உடைந்த சில்லுகளில் நேர்கோடே இல்லை. இடம் பொருந்தாத சில்லைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார். ஏதோ ஒரு பக்கம் அதுவாகவே உட்கார்ந்துகொண்டது. சாயங்காலத்துக்குள் தொப்பை வைத்த மேகம் ஒன்று, கையில் கரண்டியோடு ஊருக்கு மழை பரிமாறிக்கொண்டிருந்தது.

"இது யாரு, உங்க அண்ணனா?" என்று கேட்டுவிட்டு மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். உற்றுப் பார்த்தார். அண்ணனேதான்! அவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கு அடித்துப் போட்டதுபோலத் தூங்கினார்.

அதன்பிறகு தினமும் வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் வாசலில் நின்று இரண்டு வார்த்தை போட்டுவிட்டுப் போவாள் மனைவி. குடை, மீன். யானை, ஊஞ்சல். மெல்ல மெல்ல அவருக்கே சில சங்கதிகள் விளங்கின. முதலில் தோன்றுவது எல்லாருக்கும் தோன்றுவது. அதைத் தள்ளிவிட்டுக் கொஞ்சம் பொறுத்தால் தன்னுடையது வரும். பொறுத்தும் வராவிட்டால் தெருமுனைவரை நொண்டிக்கொண்டே போய்வருவார். பாதி வழியில் எதிரே வந்து நிற்கும். ஒட்டிய சாவி பல்போலத் தெரிந்தால் பெயர்க்கமாட்டார். பல்லுக்கு ஒரு முகத்தைச் செய்து சேர்த்துவிடுவார். செருப்பைப் பற்றியும் துணியைப் பற்றியும் பேச அவருக்கு நேரமே இல்லாமல் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியில் குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க இறங்கி வந்தார். சுவரைக் கண்டதும் நின்றுவிட்டார். வாடகை வீட்டுச் சுவர் என்பதே ரசமட்டத்துக்கும் மனைவிக்கும் மறந்துபோயிருந்தது.

"யாரைக் கேட்டு இதைச் செஞ்சீங்க?"

"தப்புதாங்க. சொல்லுங்க, பெயர்த்துடறேன்," என்றார் ரசமட்டம்.

வீட்டுக்காரர் குனிந்து சுவரின் அடியைத் தடவினார். "எனக்கு இந்தக் கோமாளித்தனமெல்லாம் பிடிக்காது. ஆனா பொரிஞ்சு கொட்டின சுவருக்கு இது தேவலை. இருக்கட்டும்." படியேறியவர் பாதியில் திரும்பினார். "அந்த மீன் எதுக்குக் குடை பிடிச்சிருக்கு?"

"நனைஞ்சா சளி பிடிக்கும்ல, அதுக்குத்தாங்க," என்றாள் மனைவி.

அவர் ஏறிப் போனார். மாடிக் கதவு சாத்திய பிறகுதான் சிரிப்புச் சத்தம் கேட்டது.

கால் தேறி ரசமட்டம் வேலைக்குத் திரும்பினார். முதல் வேலையே ஒரு குளியலறை. நாலு மூலையில் ஒன்றுகூட நேராக இல்லை. பழைய ஆளாக இருந்தால் கொத்தனாரைக் கூப்பிட்டு ஊரைக் கூட்டியிருப்பார். இப்போது கலவை போடுகிற கூட்டாளியைப் பார்த்து, "சம்பந்தமில்லாம ரெண்டு பொருள் சொல்லுப்பா," என்றார்.

விழுந்ததில் தலையிலும் அடிபட்டிருக்குமோ என்று கூட்டாளி ஒரு கணம் யோசித்தான். "சோப்பு... பட்டம்," என்றான்.

"சோப்பு எப்படியும் இங்க வந்துடும்," என்ற ரசமட்டம் ஒரு டைலை எடுத்துப் பட்டம்போல மூலை மேலே வரும்படி திருப்பிப் பிடித்தார். தரை முழுக்க அப்படியே சாய்வாக ஒட்டினார்கள். கோடுகள் சுவரை ஒட்டி ஓடாததால் மூலைகளின் கோணல் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. வேலை முடிந்ததும் கூட்டாளி, "அண்ணே, நாளைக்கும் ரெண்டு யோசிச்சு வைக்கவா?" என்று கேட்டான்.

அந்த வார விடுமுறையில் அவர் பின்கட்டுக்குப் போனபோது நாற்காலியில் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு குவியல் சிவப்புச் சில்லு.

"இன்னிக்கு நீங்க சொல்லுங்க. நான் ஒட்டறேன்."

அவர் தாடையைச் சொறிந்துகொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். "தபால்பெட்டி, கொட்டாவி," என்றார்.

"அய்யே!" என்று சிரித்துவிட்டு, அவள் பசையைக் குழைக்கத் தொடங்கினாள்.