கண்டென்சர் பெட்டியும் சந்தனமும்

ராசிபுரம் தாண்டி நடந்துகொண்டிருந்தபோது இடது கால் செருப்பு அறுந்தது. வலதையும் கழற்றி வேலியோரம் போட்டுவிட்டு நடந்தேன். நாமக்கல்லில் நான் மோட்டார் பார்த்துவந்த அரிசி ஆலையை மூடிவிட்டார்கள். சண்டை ஒன்றுமில்லை. யுத்த காலம், நெல் வரவில்லை.

மறுநாள் மத்தியானம் சூரமங்கலத்துப் பக்கம் ஒரு நூற்பாலை வாசலில் வேலை கேட்டேன். "மோட்டார் தெரியுமா?" என்றார் மானேஜர். தெரியும் என்றதும் உள்ளே கூட்டிப்போனார்.

வயிறு உப்பி, மூட்டு விட்டு, எண்ணெய் வழிந்து நின்றது ஒரு கண்டென்சர் பெட்டி. மோட்டார்கள் வீணாக இழுக்கும் கரண்டை ஈடுகட்ட வைப்பது அது. இல்லாவிட்டால் மின்சாரக்காரர்கள் கூடுதலாக வசூலிப்பார்கள். முந்தின நாள் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது. கரண்டு மிஞ்சினால் தானாக விழவேண்டிய சுவிட்சு விழவில்லை. பஞ்சு பறக்கிற இடத்தில் புகை. ஒயர்மேன்தான் ஓடிவந்து மெயினைக் கையால் இழுத்து நிறுத்தியிருக்கிறார்.

"அடிக்கடி விழுதேன்னு இந்த ஆளு கம்பி போட்டுக் கட்டியிருக்கான். கண்டுபிடிச்சுச் சொல்லு, அவன் வேலை உனக்கு" என்றார் மானேஜர், ஒயர்மேன் காதுபடவே.

ஒயர்மேன் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். கோபப்படவில்லை. "நல்லாப் பாருங்க சாமி. நான் கட்டியிருந்தா இப்பவே ஊட்டுக்குப் போயிடறேன்" என்று திருப்புளியை என்னிடம் நீட்டினார்.

எனக்குப் பசி. அவர் கட்டியிருந்தால் தேவலை என்றுதான் நினைத்தேன்.

மெயினை நிறுத்தி சுவிட்சின் மூடியைக் கழற்றினேன். கம்பி எதுவும் இல்லை. மூன்று செம்புச் சுருள்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் இரும்புத் தண்டு ஒன்று இருக்கும். கரண்டு மிஞ்சும்போது அது எழும்பித் தட்டினால்தான் சுவிட்சு விழும். விரலால் தள்ளிப் பார்த்தேன். மூன்று தண்டுகளில் ஒன்றும் அசையவில்லை. விளக்கைக் கிட்டத்தில் பிடித்தால், தண்டைச் சுற்றிச் சந்தனம், அதன்மேல் குங்குமம். ஆயுத பூசையில் வைத்தது இடுக்கில் இறங்கிச் சிமெண்டாகக் காய்ந்திருந்தது.

"ஏனுங்க, உள்ளேயுமா பூசுவீங்க?"

"ஆபத்துல காப்பாத்தற சாமியில்லீங்களா அது? வெளியில வச்சாப் போதுமுங்களா? நான் மூடியை மட்டும் தொறந்துவிட்டேனுங்க. பொட்டு வச்சது மானேஜர் ஐயாதான். ஐயாவுக்குக் கை தாராளமுங்க."

மானேஜர் குனிந்து பார்த்தார். நகத்தால் சுரண்டினார். நகம் சிவந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டு, "துடை, துடை" என்றார், யாரிடம் என்று தெரியாமல்.

ஒயர்மேனும் நானும் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துத் துடைத்தோம். தண்டைத் தூக்கிவிட்டதும் சுவிட்சு 'டக்'கென்று விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இனிமே வெளியில வச்சாப் போதும்" என்றார் மானேஜர்.

"சாமி கோவிச்சுக்காதுங்களா?"

"அதான் நேத்தே கோவிச்சுக்கிச்சேய்யா!"

வேலை ஒயர்மேனுடையதாகவே இருந்தது. இரண்டாவது ஒயர்மேனுக்கு இடமில்லை என்றார் மானேஜர். நான் வாசலை எட்டுமுன் ஒயர்மேன் பின்னாலேயே வந்துவிட்டார். "எங்க போறீங்க? வாங்க, களி இருக்குது" என்று வீட்டுக்குக் கூட்டிப்போனார். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே போய்க் கிடங்கு மேஸ்திரியிடம் பேசிவிட்டு வந்தார்.

மறுநாள் காலை பஞ்சுக் கிடங்கில் பொதி உருட்டச் சேர்ந்தேன்.