மாப்பிள்ளைக்குப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலி

கடந்த பொங்கலுக்கு மறுநாள் மாலை, ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில் என் மாமனார் ஊரில் நடந்தது இது. அங்கே வருடா வருடம் ஊர் மாப்பிள்ளைகளுக்கும் மச்சான்களுக்கும் கபடி நடக்கும். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் மட்டும்தான் ஆடலாம். மாப்பிள்ளைகள் என்ன அத்துமீறினாலும் நடுவர் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். விருந்துக்கு வந்தவரை விசில் ஊதி வெளியே அனுப்புவது ஊருக்கு மரியாதை இல்லையாம்.

எனக்கு அப்போது ஒரு பழக்கம் இருந்தது. அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டில் படுத்தபடி செல்போனில் ஐஸ் ஹாக்கி பார்ப்பேன். ஐஸை நான் நேரில் பார்த்தது கரும்பு ஜூஸ் கடையில்தான். ஆனாலும் அந்த ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் தோளால் மோதிச் சாய்ப்பதைப் பார்த்தால் எனக்கே தோள் முறுக்கேறும். முறைதவறி மோதியவரை நடுவர் தண்டனையாகக் கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார வைக்கும் கட்டம் மட்டும் அலுப்பு. அதை ஓட்டிவிட்டு அடுத்த மோதலுக்குப் போய்விடுவேன்.

அன்று மச்சான்கள் பக்கமிருந்து கபடி பாடி வந்தவர் என் மனைவியின் பெரியப்பா மகன், லாரி டிரைவர். யாரையும் தொடாமல் திரும்பிக் கோட்டைத் தாண்டி, பாட்டை நிறுத்திவிட்டு, எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். எனக்குள் இருந்த ஐஸ் ஹாக்கி வீரன் விழித்துக்கொண்டான். தொப்பையோடு ஓடிப்போய் பின்னாலிருந்து ஒரே மோது. மனிதர் இடது தோள் தரையில் பட விழுந்தார்.

விசில் கேட்டது. அந்த வருடம் நடுவர் புதிது. உள்ளூர்ப் பள்ளியின் விளையாட்டு டீச்சர்.

“மாப்பிள்ளைங்கறதெல்லாம் ஊட்டுக்குள்ளீங்க. கோட்டுக்குள்ள இல்லீங்க. அவரு எந்திரிச்சு ஆடற வரைக்கும் நீங்களும் அவருகூடவே உக்காருங்க.”

“நல்லா உக்கார வைங்க டீச்சர்!” கூட்டத்திலிருந்து வந்த குரல் என் மனைவியுடையது.

இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் அவர் முகம் வெளுத்திருப்பது தெரிந்தது. இடது கை தொடையை விட்டு எழவில்லை.

“நாளைக்குக் காத்தால புனேவுக்கு லோடுங்க மாப்ள,” என்றார் மெதுவாக. “இது கியர் போடற கை.”

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். யாரோ ஐஸ் கொண்டுவந்து தந்தார்கள். துண்டில் சுற்றி அவர் தோளில் பிடித்துக்கொண்டேன். ஐஸுக்கும் எனக்கும் இப்படி ஓர் உறவு ஏற்படும் என்று எதிர்பார்க்கவில்லை. விரல் அசைந்தது. பிறகு முழங்கை. கை மார்பு வரை வந்து நின்றபோது நானும் மூச்சை நிறுத்தினேன். ஒருவழியாகத் தலைக்கு மேலே போனது. அங்கேயே இரண்டு முறை கியர் மாற்றிப் பார்த்தார்.

நான் எழுந்தேன். அவர் என் வேட்டியைப் பிடித்து உட்கார வைத்தார்.

“இன்னொரு ரெண்டு நிமிசம் உக்காருங்க மாப்ள. நீங்க இல்லாம உங்க டீம் நல்லா ஆடுது.”

உண்மைதான். நான் உட்கார்ந்த பிறகு மாப்பிள்ளைகள் நான்கு புள்ளி எடுத்திருந்தார்கள்.

இரண்டாம் நாள் புனேயிலிருந்து போன் வந்தது: “கியர் நல்லா உழுகுதுங்க.”

இப்போதும் ஐஸ் ஹாக்கி பார்க்கிறேன். ஆனால் மோதியவர் கண்ணாடிக்குப் பின்னால் உட்காரும் இடம் வந்தால் ஓட்டுவதில்லை. விழுந்தவர் எழுந்துவிட்டாரா என்று உள்ளே உட்கார்ந்திருப்பவர் எட்டிப் பார்க்கிறாரா என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.