இங்கிலீசில் சொன்ன பேர்

பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மணி அடித்தால் ஆங்கிலம். அன்று மாஸ்ரர் கரும்பலகையில் 'யூபமிசம்' என்றொரு சொல்லை எழுதினார். சொல்லக் கூசுவதையும் சொல்லப் பயப்படுவதையும் வேறு பேரால் சொல்வதாம். மாஸ்ரர் யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் காட்டோர ஊரான அக்கராயனுக்கு மாற்றலாகி வந்தவர். வெயிலையும் நுளம்புக் கடியையும் எங்களையும் ஒரே அளவில் வெறுத்தவர்.

"உங்கட ஊர்க் கதையில இருந்து ஒரு உதாரணம் சொல்லுங்கோ பாப்பம்."

வகுப்பில் எனக்குத்தான் வாய் நீளம். "காட்டுக்குப் போற ஆக்கள் பெரியவர் எண்டு சொல்லுவினம், மாஸ்ரர்" என்றேன்.

"ஆரைப் பெரியவர் எண்டுறது?"

வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. வீட்டு ஆள் காட்டுக்குள் நிற்கும்போது பெரியவரின் உண்மைப் பேரைச் சொல்லக்கூடாது. சொன்னால், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று பெரியவர் வந்துவிடுவார். என்னைப் பெற்ற அப்புவும் அவருடைய தம்பி குஞ்சியப்புவும் அன்று விடியவே கூரைக்குத் தடி வெட்டக் காட்டுக்குப் போயிருந்தார்கள்.

"அப்பு காட்டில நிக்கிறார், மாஸ்ரர். நாளைக்குச் சொல்லுறன்."

"இங்கிலீசு படிக்க வந்திட்டு இதென்ன விசர்க்கதை? சொல்லிப்போட்டு இரு."

விடமாட்டார் போலிருந்தது. எனக்கொரு யோசனை வந்தது. காட்டுக்கு இங்கிலீசு எங்கே தெரியப்போகிறது? "எலிபன்ட்" என்றேன். மாஸ்ரருக்குப் பெரிய சந்தோசம். என் கெட்டித்தனத்தை நினைத்து எனக்கும்தான்.

மத்தியானம் அப்புவை மாட்டுவண்டிலில் கொண்டுவந்தார்கள். பாயால் மூடியிருந்தது. அம்மா அதை விலக்கப்போனபோது நாலு பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள்.

செத்தவீட்டுக்கு மாஸ்ரரும் வந்தார். பந்தலுக்குள் குஞ்சியப்பு வந்தவர்களுக்கெல்லாம் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பெரியவர் தன்ரபாட்டில எங்களைத் தாண்டிப் போட்டார். தப்பீட்டம் எண்டு நிண்டனாங்கள். பிறகு, ஆரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரித் திரும்பி வந்தவர்."

மாஸ்ரர் தேத்தண்ணியை வாய்க்குக் கொண்டுபோகாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப என்ன நேரம் இருக்கும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பள்ளிக்கூடத்து ரெண்டாம் மணி காத்தில கேட்டது. அதுக்குப் பிறகு கொஞ்ச நேரத்தால."

மாஸ்ரர் நிமிர்ந்து என்னைத் தேடினார். நான் கதவோரத்தில் நின்றேன். எங்கள் கண்கள் ஒருமுறை சந்தித்தன. உடனே இருவரும் பார்வையை மாற்றிக்கொண்டோம். காட்டுக்கு இங்கிலீசும் தெரியும் என்பது அந்தச் செத்தவீட்டில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.