பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளைப் பார்க்க ஒரு டிவி

ஊரில் பாதி ஜன்னல்களுக்குக் கர்ட்டன் தைத்துக் கொடுத்தவள் அவள். பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. எல்லோருக்கும் கர்ட்டன் அக்கா. அவள் வீட்டுக் கூடத்து ஜன்னல் மட்டும் மொட்டை. மேற்குச் சுவரையே முக்கால்வாசி விழுங்கிவிட்ட பெரிய ஜன்னல். ஏன் இப்படி என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: "நூலும் துணியும் ஒரே நிறமான்னு பாக்க எனக்கு வெயில் வேணும். வெயில நானே மறைச்சுட்டா எதை வச்சுத் தைக்கிறது?"

ஜன்னலுக்குக் கீழே தையல் மெஷின். எதிர்ச் சுவரோரம் தாழ்வான ஒரு மேஜையில் டிவி. சாயங்கால வெயிலில் அந்த டிவியில் நிகழ்ச்சி தெரியாது. மெஷினும் அக்காவும் தெரிவார்கள். நடிப்பு பரவாயில்லை, கதைதான் நகரமாட்டேன் என்கிறது என்பார் அவள் கணவர். டவுன் பஸ் டிரைவர்.

இதையெல்லாம் அக்கா பொருட்படுத்தியதில்லை. பொருட்படுத்த வைத்தது மகள். மகள் பெண்கள் கால்பந்து அணியில் இரண்டாவது கோல்கீப்பர். அதாவது, முதல் கோல்கீப்பருக்கு ஏதாவது ஆனால்தான் இவளுக்கு வேலை. முதலாமவளோ இரும்பு உடம்புக்காரி. சளி கூடப் பிடிப்பதில்லை. ஆகவே மகள் எல்லா ஆட்டத்திலும் பெஞ்சில், கூரை நிழலில், கையுறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேமரா எப்போதாவது அந்தப் பக்கம் திரும்பும். பழைய டிவியில் நிழல் முழுக்க ஒரே கறுப்புப் பட்டை. அதன் அடியில் வரிசையாக ஷூக்கள் மட்டும் தெரியும். எந்த ஜோடி தன் வயிற்றில் பிறந்தது என்று அக்கா கண்ணை இடுக்கிப் பார்ப்பாள். அதற்குள் கேமரா பந்தைத் தேடிப் போய்விடும்.

அணி இறுதிப் போட்டிக்கு வந்தது. ஆட்டம் கடல் தாண்டி எங்கோ; நம்ம ஊர் நேரத்துக்கு ஞாயிறு சாயங்காலம். அக்கா நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு அறிவித்தாள்: "டிவி மாத்தறோம்."

டிரைவர் உடனே சம்மதித்தார். "நல்லா பளிச்சுனு எரியற எல்இடியா வாங்கிடலாம். நம்ம வெயிலுக்கு அதான் சரி."

அக்காவின் தம்பி வந்து சேர்ந்தான். எந்தப் பொருளையும் வாங்காமலே அதன் குறைகளைக் கரைத்துக் குடித்தவன். "க்யூஎல்இடி பாருங்க மாமா. கலர் சும்மா அள்ளும். ஆனா அக்கா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. அவ உக்காந்திருக்கறதப் பாக்கவா இவ்ளோ பெரிய டிவி?"

"ஆடறவங்களை உலகமே பாக்கும்டா. உக்காந்திருக்கறவள நாந்தானே பாக்கணும்?"

கோவித்துக்கொண்டது தம்பிதான். ஆனாலும் கடைக்கு உடன் வந்தான். அறிவுரை சொல்லும் வாய்ப்பை விடுகிற ரகமில்லை.

டிவி கடையில் ஓடும் படங்களில் மனிதர்களே இருப்பதில்லை. கிளி பறக்கும், மீன் நீந்தும், பழத்தை வெட்டினால் சாறு மெதுவாகத் தெறிக்கும். இவற்றைப் பார்த்து மயங்கி வாங்கிப்போய், வீட்டில் ஜனங்கள் செய்தியும் சீரியலும் பார்க்கிறார்கள். அக்கா கிளியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து நீட்டினாள். அரையிறுதி ஆட்டத்தின் பதிவு.

டை கட்டிய விற்பனைக்காரர் முகம் வாடியது. "மேடம், இதுல படமே சுமாராத்தான் இருக்கும். டிவியோட பெருமை தெரியாது."

"பெருமைய நீங்களே வச்சுக்கங்க. எனக்கு பெஞ்சு தெரியணும்."

கேமரா பெஞ்சுக்குத் திரும்பும் இடத்தில் நிறுத்தச் சொன்னாள். எல்இடியில் புல்வெளி பளபளத்தது. பெஞ்சு தார் ஊற்றிய மாதிரி. விற்பனைக்காரர் ரிமோட்டில் எதையோ ஏற்றினார். தார் வெளுத்துச் சாம்பலானது.

"சாயம் போன லைனிங்காட்டம் இருக்கு. அடுத்தது."

தம்பி மார்பை நிமிர்த்திக் க்யூஎல்இடி பக்கம் நின்றான். நிறம் அள்ளத்தான் செய்தது. குறுக்கே ஓடிய ஆட்டக்காரியின் மஞ்சள் சட்டை கண்ணைக் குத்தியது. பெஞ்சில் முகங்களுக்குப் பதிலாக மங்கலாக ஏதோ உருண்டைகள்.

"இதுக்கும் பின்னாலேர்ந்துதான் வெளிச்சம் அடிக்குது மேடம். பக்கத்துல புல்லு பளிச்சுனு இருந்தா நிழலுக்குள்ளயும் கொஞ்சம் கசியும்" என்று விற்பனைக்காரரே ஒப்புக்கொண்டு, மூன்றாவதற்கு நகர்ந்தார். "இது ஓஎல்இடி. பின்னாடி விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானா எரியும், வேண்டாத இடத்துல தானா அணையும்."

"எங்க வீட்டுல ரெண்டு பேர் இருக்கோம், ஒரு லைட்ட அணைக்க ஆளில்ல" என்றார் டிரைவர்.

அக்கா திரையை நெருங்கிப் பார்த்தாள். நிழலுக்குள் நிழல் பிரிந்திருந்தது. கூரை தனி, சுவர் தனி, தலைகள் தனி. ஓரத்திலிருந்து மூன்றாவது தலையில், தான் பின்னிப் பழக்கிய அதே இறுக்கமான சடை.

"இருக்கா" என்றாள். அவ்வளவுதான்.

விற்பனைக்காரர் நேர்மையானவர். "ஒரு விஷயம் மேடம். வெளிச்சம் நேரா விழுந்தா இதுல படம் அடிபட்டுப் போயிடும். ரூம்ல ஜன்னல் இருக்கா?"

டிரைவர் சொன்னார்: "ஜன்னல்லதான் கொஞ்சம் ரூம் இருக்கு."

"அப்போ யோசிச்சுக்கங்க மேடம்."

"யோசிச்சாச்சு. வெளிச்சத்த நான் பாத்துக்கறேன். அது என் தொழில்."

டிவி வந்தது. வாரம் முழுக்க வாடிக்கையாளர் வேலை. அதற்கிடையில் தன் ஜன்னலுக்கும் ஒன்று தைத்தாள். வெளிச்சம் துளியும் நுழையாதபடி உள்பக்கம் தடித்த லைனிங் துணி வைத்து. அடுத்தவர் வீடென்றால் கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறி இரண்டு தரம் அளக்கிறவள், இதை அளக்கவே இல்லை. இத்தனை வருஷம் முதுகுக்குப் பின்னால் இருக்கும் ஜன்னல், கண்ணை மூடினாலும் தெரியாதா என்ன!

ஞாயிறு, ஆட்டம் தொடங்கப்போகும் நேரம். கம்பியில் கோத்து மாட்டினாள். கூடம் இருண்டது. அடியில் மட்டும் ஒரு சாண் குறைந்தது. அந்த ஒரு சாண் வழியாகச் சாயங்கால வெயில் நீளமாக நுழைந்து, டிவியின் கீழ்ப்பாதியில் போய்ப் படுத்துக்கொண்டது.

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "ஊருக்கெல்லாம் தச்சவ வீட்டுல பாவாடை ஏறிப்போச்சு!"

அக்கா ஜன்னலைப் பார்த்தாள். டிவியைப் பார்த்தாள். பிறகு, வசதியாகச் சாய்ந்திருந்த இரண்டு ஆண்களையும் அளவெடுக்கிற கண்ணால் பார்த்தாள்.

"என்னங்க, நீங்க இந்தப் பக்கம் உக்காருங்க. டேய், நீ அந்தப் பக்கம். முதுகு ஜன்னல ஒட்டி. தோளோட தோள் சேத்து."

"நான் விருந்தாளிக்கா!"

"இன்னைக்கு நீ லைனிங்."

மெஷினை ஓரமாக நகர்த்திவிட்டு உட்கார்ந்தார்கள். வெயில் வெளியே நின்றது. படம் கிணற்றுத் தண்ணீர் போலத் தெளிந்தது. முதல் பாதி முழுக்கக் கேமரா பெஞ்சை எட்டிப் பார்க்கவில்லை. இரண்டாம் பாதியில் நம் அணி கோல் போட்டது. லைனிங் இரண்டும் கையைத் தூக்கிக்கொண்டு துள்ளி எழுந்தன. வெயில் பாய்ந்தது. அதே நொடியில் கேமரா பெஞ்சுக்குப் போனது. குதிப்பவர்கள் யாரென்று தெரியாமல் வெள்ளையாக ஒரு கொந்தளிப்பு, முடிந்தது.

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர்கள் அவ்வளவு பயந்திருக்கமாட்டார்கள். "இனி யாராவது எழுந்தா, கர்ட்டனோட சேத்துத் தச்சுடுவேன்" என்றாள், சாதாரணமாக.

கடைசி நேரத்தில் எதிரணிக்குப் பெனால்டி. டிரைவர் பிரேக் மிதிக்கிற மாதிரி தரையைக் காலால் அழுத்தினார். தம்பி உதட்டைக் கடித்தான். ஒருவரும் அசையவில்லை. உதைப்பவள் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தாள். கேமரா மெல்ல பெஞ்சுக்கு நகர்ந்தது.

ஓரத்திலிருந்து மூன்றாவது. சடை. கையுறை மடியில் கிடந்தது. முகம் முழுசாக, புருவத்துத் தழும்பு வரைக்கும். இடது கைக் கட்டைவிரல் வாயில்.

"நகத்தக் கடிக்காதேடி!" என்று அக்கா போட்ட சத்தத்தில், இரும்பு உடம்புக்காரி பந்தைத் தடுத்ததை வீட்டில் யாரும் சரியாகப் பார்க்கவில்லை.

ஆட்டம் முடிந்து கொஞ்ச நேரத்தில் வீடியோ காலில் மகள் வந்தாள். "அம்மா! ஜெயிச்சுட்டோம்! பாத்தியா? நான் இறங்கவே இல்ல, ஆனா..."

"எல்லாம் பாத்தேன். கையக் காட்டு."

"எதுக்கு?"

"இடது கை."

மகளின் கை மெதுவாக முதுகுக்குப் பின்னால் போனது. பிறகு அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. "அவ்ளோ இருட்டுக்குள்ள என்னைத் தெரிஞ்சுதாம்மா?"

"தெரியும்டி. இனிமே தெரியும்."

பின்னாலிருந்து டிரைவரின் குரல் வந்தது. "இப்பவாவது எழுந்திரிக்கலாமா?"

"மறுபடி போட்டுக் காட்டுவான். உக்காருங்க."