இவரு இவரா இல்ல

அறுவை சிகிச்சை வார்டில் அந்த நர்ஸை எல்லோரும் 'சிரிச்சமுகம்' என்றே கூப்பிட்டார்கள். அழுகிற நோயாளியும் அவளைக் கண்டால் அடங்கிவிடுவார். அந்தப் பேர் அவளுக்கே கசந்துபோனது ஒரு பஸ் டிரைவரால்.

குடலில் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த அந்த டிரைவர் சரியான வாயாடி. ஊசியை எடுத்தாலே, "ஹாரன் அடிச்சுட்டுக் குத்துங்க சிஸ்டர்" என்பார். ஒரு மத்தியானம் ஊசி போட்டபோது அவர் வாயே திறக்கவில்லை. போர்வை நுனியைத் திருகிக்கொண்டு கிடந்தார்.

அவர் மனைவி பின்னாலேயே வந்தாள். "சிஸ்டர், இவரு இவரா இல்ல."

நர்ஸ் பிரஷரும் காய்ச்சலும் பார்த்தாள், மோசமில்லை. மூச்சு மட்டும் மாடிப்படி ஏறி வந்தவரைப்போல் இரைத்தது. அது அவள் கண்ணில் படாமல் இல்லை. ஆனால் போன வாரம்தான், ஒன்றுமில்லாததற்குக் கூப்பிட்டாள் என்று டாக்டர் எல்லோர் முன்னாலும் அவளை வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார்.

"வயித்துல ஆபரேஷன்னா அப்படித்தான்க்கா இருக்கும். தூங்கட்டும் விடுங்க" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நம்பி மனைவியும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

பொழுது சாய்வதற்குள் டிரைவருக்கு உடம்பு சில்லிட்டது, பேச்சு குழறியது. தையல் போட்ட இடத்தில் குடல் கசிந்து, கிருமி ரத்தத்தில் கலந்திருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் போராடி உயிரை மீட்டார்கள். சிறுநீரகங்கள் மீளவில்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை டயாலிசிஸ். ஸ்டியரிங் பிடிப்பது அதோடு முடிந்தது.

யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. அதுதான் அவளை அரித்தது. ஒரு ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"எத்தன பேரப் பாக்கற, எல்லாத்துக்கும் நீயா பொறுப்பு?" என்றான் கணவன்.

"பாக்காம விட்டிருந்தா பரவால்லங்க. நான் பாத்துட்டுத்தான் விட்டேன்."

ஒரு நாள் டயாலிசிஸ் அறை வாசலில் டிரைவரின் மனைவியை நிறுத்தினாள். "அக்கா, அன்னிக்கு நீங்க சொன்னது சரி. அவருக்கு மூச்சு இரைச்சத நான் பாத்தேன். டாக்டர் திட்டுவாருன்னு கூப்பிடல."

அந்த அம்மாள் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். "இன்னும் சத்தம் போட்டிருக்கணும், நான்தான் வாய மூடிட்டு உக்காந்துட்டேன்னு இத்தன நாளா என்னையே திட்டிக்கிட்டிருக்கேன். நீ இப்ப வந்து சொல்ற."

அவ்வளவுதான். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு நர்ஸோடு பேசவே இல்லை.

இப்போது சொந்தக்காரர்கள் ஒரு வார்த்தை சொன்னாலும் நர்ஸ் கட்டிலருகே நின்று மூச்சை எண்ணுகிறாள்; சந்தேகம் வந்தால் உடனே டாக்டரைக் கூப்பிடுகிறாள். பல தடவை ஒன்றுமிருப்பதில்லை, திட்டு விழுகிறது. ஒன்றிரண்டு பேர் பிழைத்தும் இருக்கிறார்கள். மனசு மட்டும் ஆறவில்லை. மனைவி டிரைவரிடம் எதையும் சொல்லவில்லை போலிருக்கிறது. வராந்தாவில் எதிர்ப்பட்டால் அவர் கையை உயர்த்தி, "நல்லா இருக்கீங்களா சிஸ்டர்?" என்கிறார். அவள் தலையை மட்டும் அசைத்துவிட்டு, அவர் மூச்சு இரைக்கிறதா என்று பார்த்துக்கொண்டே கடந்துபோகிறாள்.