ஃபியூஸைப் பிடுங்கிய லிஃப்ட் மெக்கானிக்

மாமாவை வேலையிலிருந்து தூக்கி எட்டு நாள் ஆகிறது. என் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. என் அக்காவின் கணவர் என்பதற்காகச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடமாக அவர் பார்த்த லிஃப்டில் ஏறிய ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. கம்பெனியில் அவருக்குப் பட்டப்பெயரே ‘கறார்’தான்.

வேலையின்போது அவர் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நிற்பார். அவருடைய உதவியாளான நான் மேலே மோட்டார் அறையில் ஸ்விட்சில் கை வைத்திருப்பேன். அவர் “ஓகே” என்று குரல் கொடுத்தால்தான் பெட்டியை நகர்த்துவேன். நான் சேர்ந்த புதிதில் ஒருநாள் கூரைமேல் நின்றபடியே அக்காவிடம் போனில் “ஓகே, வெச்சுடறேன்” என்றார். முட்டாள் நான், அந்த முதல் சொல்லுக்கே அழுத்திவிட்டேன். அவர் முழங்கையில் ஒரு சாண் தோல் உரிந்தது. தலை தப்பியது பெரிய விஷயம். அன்றிலிருந்து அந்தச் சொல்லை வேறு எதற்கும் அவர் வாயில் எடுத்ததில்லை. வீட்டில்கூட “சரி”தான்.

ஆனால் மற்றவர்கள் வாயில் அது படும் பாடு இருக்கிறதே! வாத்தியார் “உங்க பொண்ணு ஓகேதான்” என்றால் பாஸ் ஆவதே சந்தேகம். அக்கா உதட்டைச் சுழித்து “ஓகே” என்றால் அன்று முழுக்க வீட்டில் பேச்சு கிடையாது. டாக்டர் சொன்னால் போன உயிர் திரும்பி வரும். மாமாவின் வேலைக்கே உலை வைத்த அந்த ஆறு மாடிக் குடியிருப்பின் செயலாளர் சொன்னாரே, அதற்கு அர்த்தம் ஒன்றுதான்: போய்த் தொலை.

அங்கே நாலாவது மாடிக் கதவின் பூட்டு தேய்ந்துவிட்டது. பெட்டி அந்த மாடியில் நிற்காதபோதும் கதவைத் திறக்க முடியும். புதுப் பூட்டு வாங்க வேண்டும் என்று மாமா இரண்டு மாதத்தில் மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் “ஓகே ஓகே.” நாங்களும் பூட்டைக் கம்பியால் இறுக்கிக் கட்டிச் சமாளித்துவிட்டு வந்தோம்.

நாலாவது முறை போனபோது கம்பியும் அறுந்து கிடந்தது. செயலாளர் சோதனைப் பதிவேட்டை நீட்டினார். “நாளைக்கு லிஃப்ட் இன்ஸ்பெக்டர் வர்றார். எல்லாம் ஓகேன்னு எழுதி ஒரு கையெழுத்து போடுய்யா.”

“பூட்டு மாத்தாம எழுத மாட்டேன் சார்.”

“உங்க சூப்பர்வைசரே எழுதச் சொல்லிட்டார். வேலை வேணுமா வேணாமா உனக்கு?”

எனக்கு ரத்தம் கொதித்தது. மாமா குரலை உயர்த்தவில்லை. செயலாளரை நாலாவது மாடிக்குக் கூட்டிப்போய், பெட்டியைக் கீழே அனுப்பினார்.

“கண்ணை மூடிக்கங்க. கதவைத் திறந்து உள்ள ஒரு கால் வைங்க. வெச்சுட்டீங்கன்னா எழுதறேன்.”

“என்னய்யா, விளையாடறியா?”

“எழுதச் சொன்னது நீங்கதானே சார்?”

சத்தம் கேட்டு எதிர்வீட்டு அம்மா வெளியே வந்தார். என்ன விஷயம் என்று கேட்டவர், நாங்கள் தடுப்பதற்குள் தானே கைப்பிடியை இழுத்துவிட்டார். கதவு திறந்துகொண்டது. உள்ளே கம்பி வடங்களும் இருட்டும்தான். வெகு கீழே பெட்டியின் கூரை.

“ஐயோ! தினமும் என் பொண்ணுதான் ஓடி வந்து இதைத் திறப்பா. நான் வீட்டைப் பூட்டிட்டுப் பின்னாடிதான் வருவேன்.”

செயலாளர் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்களிடம்தான் கேட்டார்.

“உங்களுக்கு எத்தனை நாளா தெரியும்?”

“ரெண்டு மாசமா,” என்றார் மாமா.

“தெரிஞ்சுமா ஓட விட்டீங்க?”

மாமா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு விறுவிறுவென்று மோட்டார் அறைக்கு ஏறி, ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அதற்காகத்தான் அன்று மாலையே அவரை வேலையிலிருந்து தூக்கினார்கள்.

செயலாளரையும் கம்பெனியையும் வாய் வலிக்கத் திட்டித் தீர்த்துவிட்டேன். ஆனால் முதல் முறை அந்தக் கம்பியைக் கட்டும்போது முனையைப் பிடித்துக்கொடுத்தது நான்தான்.