சிங்கம் பார்க்கப் போன நாள்

நெய்வேலி குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்த காலத்து டேப்ரிக்கார்டர் இன்னும் என்னிடம் இருக்கிறது. பாடாது. தூக்கிப் போடச் சொல்லி மகள் நச்சரிக்கிறாள். போட மாட்டேன். மூன்று வயது வரை அவளுக்கு அப்பா என்றால் அந்தப் பெட்டிதான்.

என் கணவர் மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். எழுபதுகளின் கடைசியில், ஆப்பிரிக்காவில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்கு கான்ட்ராக்டில் ஆள் எடுக்கிறார்கள் என்று கிளம்பிப் போனார். பாப்பா அப்போது குப்புற விழக்கூட ஆரம்பிக்கவில்லை. கடிதம் எழுதுவது அவருக்கு வேப்பங்காய். அதனால் கேசட்டில் பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார்.

செகண்ட் ஷிஃப்ட் ஆட்கள் சைக்கிளில் போய் முடித்து பிளாக் அமைதியான பிறகு, கேசட்டைப் போட்டுவிட்டு பாப்பாவுக்குச் சோறூட்டுவேன். பெட்டிக்குள்ளிருந்து, "பாப்பா, சாப்ட்டியா?" என்று குரல் வரும். இவள் "ம்" என்பாள். அடுத்த வாய் பெட்டிக்கு. சோற்றை உருட்டி ஸ்பீக்கர் மேல் வைத்து அழுத்துவாள். வலைக்குள் சிக்கிய பருக்கைகளை நான் ஊக்கால் நோண்டி எடுக்க வேண்டும். அப்பா ஏன் சாப்பிடவே மாட்டேன் என்கிறார் என்று தினம் அதே கேள்வி. பக்கத்து வீட்டு அக்கா கடலூர்ப் பக்கம். "டெய்லி இந்தப் புள்ள ஊட்டிக்கினே கீது, உங்க வூட்டுக்காரரு இன்னும் ஒரு வாய் வாங்கலியே" என்று கேலி செய்வார். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் சுருக்கென்றிருக்கும்.

மூன்று வருடம் கழித்து, லீவு கிடைக்காததால் எங்களை அங்கே வரவழைத்தார். ஒரு மாதம் தங்கலாம். விமான நிலையத்தில் அவர் இரண்டு கையையும் நீட்ட, பாப்பா என் புடவைக்குள் புகுந்துகொண்டாள். போட்டோவில் இருந்த மீசையை அந்த மனிதர் எடுத்துத் தொலைத்திருந்தார். அதுகூடப் பரவாயில்லை. பெட்டிக்குள் மூச்சுவிடாமல் பேசுகிறவர், பெற்ற பிள்ளை எதிரே நின்றதும் வாயடைத்துப் போனார். பிஸ்கட்டை நீட்டுவார், தொண்டையைச் செருமுவார், அவ்வளவுதான். அவள் அவரை "மாமா" என்றாள். வாரங்கள் போயும் மாறவில்லை. ஊர் திரும்ப நான் துணி அடுக்க ஆரம்பித்தபோது அவர் வந்து நின்று, "போறதுக்குள்ள ஒரு தடவ அப்பான்னு கூப்பிட மாட்டாளா?" என்று கேட்டார். சொல்லிக்கொடுத்தால் கூப்பிடுவாள்தான். சொல்லிக்கொடுத்து வருவது அவருக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்.

கடைசி முயற்சியாக, காட்டில் சிங்கம் காட்டுகிறேன் என்று ஒரு வண்டியை ஏற்பாடு செய்தார். ஜீப்புக்குத் தாத்தா மாதிரி ஒரு வண்டி, அதற்கு ஓர் உள்ளூர் டிரைவர். நான் விடியற்காலையில் எழுந்து புளிசாதம் கிளறினேன்.

காட்டுக்குள் நுழைவதற்கு முன்பே டயர் பஞ்சர். அதை மாற்றிக் கிளம்பினால் கொஞ்ச தூரத்தில் ரேடியேட்டர் கொதித்தது. குடிக்கக் கொண்டுபோன தண்ணீரில் பாதியை அது குடித்தது. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து மரத்துக்கு மேல் தெரிந்தது, வரிக்குதிரைகளின் பின்பக்கம் தெரிந்தது. சிங்கம் எங்களைப் பொருட்படுத்தவில்லை. உச்சி வெயிலில், அடியில் தடாலென்று ஒரு சத்தம். இன்ஜின் உறுமியது, வண்டி நகரவில்லை. பின்சக்கரத்துக்கு ஓட்டம் கொடுக்கும் ஷாஃப்ட் போல்ட் கழன்று தொங்குகிறது என்றார் என் கணவர். முன்சக்கரத்துக்கும் ஓட்டம் உள்ள வண்டி, அதை முழுசாகக் கழற்றிவிட்டால் முன்சக்கரத்தாலேயே ஊர் போய்ச் சேரலாமாம்.

இறங்கவே கூடாது என்று டிரைவர் அதுவரை மிரட்டிக்கொண்டே வந்தவர். இப்போது கூரை மேல் ஏறி நான்கு பக்கமும் பார்த்தார். வெட்டவெளி. மான்கள் தலை நிமிராமல் மேய்ந்துகொண்டிருந்தன. அவை மேய்கிற வரை பயமில்லை, நான் மேலிருந்து பார்த்துக்கொள்கிறேன் என்றார். என் கணவர் ஒரு சாக்கை விரித்து வண்டிக்கடியில் நுழைந்தார். பயத்தில் வேறொன்றும் தோன்றாமல் நான் டிபன்கேரியரைத் திறந்து பாப்பாவுக்குப் புளிசாதத்தைப் பிசைந்தேன்.

இரும்பைக் கண்டால் அவருக்கு நாக்கு அவிழ்ந்துவிடும். துருப்பிடித்த போல்ட்டை ராசா என்றார், சனியனே என்றார், மறுபடி ராசா என்றார். வேலை பிடிபட்டதும் குரலில் பழைய கலகலப்பு வந்துவிட்டது. அந்த ஜோரில், அவள் முகம் தெரியாத தைரியமும் சேர்ந்து, சத்தமாகக் கேட்டார்:

"பாப்பா, சாப்ட்டியா?"

பாப்பா மெல்லுவதை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள், வண்டியின் தரையைப் பார்த்தாள்.

"ம்" என்றாள்.

பிறகு என் கையிலிருந்து ஓர் உருண்டையை எடுத்துக்கொண்டு இறங்கப் பார்த்தாள். டிரைவரை அண்ணாந்து பார்த்தேன், சரியென்று தலையை ஆட்டினார். அவள் கவுனைக் கெட்டியாகப் பிடித்தபடி நானும் இறங்கினேன். சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தோள்வரை கையை உள்ளே நீட்டினாள். உள்ளே சுத்தியல் சத்தம் நின்றது. அவர் கையெல்லாம் கிரீஸ். அதனால் தலையைத் தூக்கி வாயாலேயே வாங்கிக்கொண்டார்.

அவள் வெறுங்கையை வெளியே இழுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். ஒரு பருக்கைகூட மிச்சமில்லை.

"ம்மா," என்றாள், "இன்னைக்கி அப்பா சாப்ட்டுட்டாங்க."